யார் டிக்கெட் போட்டது?

அன்புள்ள ஐயா,

வணக்கம். உங்கள் தளத்தை நான்கு வருடமாகப் படிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் ஐயா.

2020 மார்ச் 13, வெள்ளிக்கிழமை, நானும் என் கணவரும் கோவையிலிருந்து மும்பைக்கு விமானத்தில் போனோம். கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து, நாங்கள் இருவர் மட்டும் போன முதல் பயணம். அதற்கு முன்னால் பழனி, திருப்பதி, குருவாயூர் எல்லாம் போயிருக்கிறோம், வேன் நிறைய ஆட்களோடு. பையனை என் அம்மாவிடம் விட்டுவிட்டு நான்கு ராத்திரி. கிங்ஸ் சர்க்கிளில் காபி குடித்தோம். மெரைன் டிரைவில் ராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை படகில் எலிஃபன்டா. ஒரு சினிமா பார்க்கலாம் என்றிருந்தோம், நாங்கள் போய் இறங்கிய அன்று நள்ளிரவோடு தியேட்டர்களை மூடிவிட்டார்கள். திங்கள் காலை சித்தி விநாயகர் கோவில், அன்றே அதையும் மூடினார்கள். செவ்வாய் திரும்பிவிட்டோம். அடுத்த வாரம் ஊரடங்கு.

வந்ததும் மாடி அறையில் 14 நாள் தனியாக இருந்தோம். எங்களால் யாருக்கும் ஒரு தும்மல்கூட வரவில்லை. ஆனால் 2021 மே மாதம் மாமனார் கொரோனாவில் போய்விட்டார். அதிலிருந்து எந்த விசேஷத்துக்குப் போனாலும், “ஊரே பயந்து கிடந்தப்ப ஜோடி போட்டுட்டு பம்பாய் போனவங்கதானே” என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருப்பதில்லை. நாங்கள் மும்பை போன அதே வாரம் தாராபுரத்தில் எண்ணூறு பேர் கூடிய கல்யாணத்துக்கு வீட்டில் எல்லோரும் போய்வந்தார்கள், அது வேறு விஷயம். என் கணவரும் நான்தான் டிக்கெட் போட்டேன் என்று சொல்லிவிட்டார், அதுவும் உண்மைதான். சில சமயம் எனக்கே தோன்றுகிறது ஐயா, அந்த நான்கு நாள் சந்தோஷத்துக்கு அவர் விலை கொடுத்தாரோ என்று. அந்தப் படங்கள் போனில் ஒரு ஃபோல்டரில் இருக்கின்றன. இந்த மார்ச்சோடு ஐந்து வருடம். திறந்து பார்த்ததில்லை.

இப்போது மறுபடி மும்பை போகலாம் என்கிறார் கணவர். மாமியாருக்கு இஷ்டமில்லை. போகலாமா ஐயா? அன்று போனது தவறா? மும்பை பற்றி என்ன படிக்கலாம் என்றும் சொல்லுங்கள்.

எஸ்.
பொள்ளாச்சி அருகில் ஒரு கிராமம்

•

அன்புள்ள எஸ்.,

ஊரடங்கு தொடங்கிய வாரத்தில் என் மனைவி என்னிடம் ஒரு வரி சொன்னாள். ஐந்து வருடமாக அதை மென்றுகொண்டிருக்கிறேன், இன்னும் விழுங்க முடியவில்லை. வருகிற கடிதங்களில் முக்கால்வாசிக்கு நான் பதில் போடுவதில்லை. இதற்குப் போடுவது அந்த வரியால்தான். அதற்கு வருகிறேன்.

மும்பை பற்றி ஒன்றும் படிக்க வேண்டாம். நடங்கள். மாமியார் விஷயம் உங்கள் வீட்டு விஷயம், அதில் நான் தலையிடுவதாக இல்லை. அப்புறம், ஒரு கடிதத்தில் இத்தனை ‘ஐயா’ ஆகாது.

இப்போது திட்டு. நீங்கள் திரும்பி வந்தது 2020 மார்ச் 17. மாமனார் இறந்தது 2021 மே. நடுவே பதினான்கு மாதம். இந்த வைரஸ் உடம்புக்குள் போனால் பெரும்பாலும் ஐந்தாறு நாளில் தலைகாட்டிவிடும், மிஞ்சிப்போனால் பதினான்கு நாள். பதினான்கு நாளைப் பதினான்கு மாதமாக்கிக் கணக்கு எழுதியது யார்? சொந்தக்காரர்கள் எழுதினார்கள் என்றால் புரிந்துகொள்ளலாம், அவர்களுக்கு விசேஷ வீட்டில் பேச ஒரு விஷயம் வேண்டும். நீங்கள் எப்படி அதில் கையெழுத்துப் போட்டீர்கள்? 2021 மே கடைசியில் தினசரித் தொற்று எண்ணிக்கையில் கோவை மாவட்டம் சென்னையையே தாண்டியது, ஞாபகம் இருக்கிறதா? அந்த அலையில் போனவர் அவர். நீங்கள் மும்பையிலிருந்து கொண்டுவந்த ஏதோ ஒன்று அவரை எடுத்துக்கொண்டது என்றால், அந்த மாதம் இந்த மாவட்டத்தில் இறந்த அத்தனை பேர் வீட்டிலும் ஒரு மும்பை டிக்கெட் இருந்திருக்க வேண்டும். விமான டிக்கெட்டைத் தானே போடத் தெரிந்த பெண்ணுக்குக் கழித்தல் கணக்குத் தெரியாதா?

‘சந்தோஷத்துக்கு விலை’ என்கிறீர்கள். எந்தக் கடையில் அம்மா அதை விற்கிறார்கள்? நான்கு நாள் புருஷனோடு கடற்கரையில் உட்கார்ந்ததற்கு ஒரு உயிர் விலை என்று கணக்கு வைத்திருக்கிற சாமி எதுவும் நம் பக்கத்தில் கிடையாது. பேய்கூடக் கிடையாது. மாமனாரை நினைத்து அழ வேண்டும்போல் இருந்தால் அழுங்கள். அவர் உங்களிடம் பிரியமாக இருந்தவர் என்று கடிதத்தின் தொனியிலேயே தெரிகிறது. அழுகையோடு ரசீதைச் சேர்த்துக் கட்டாதீர்கள்.

போனது தவறா என்ற கேள்விக்கு நீளமாகப் பதில் சொல்லத் தோன்றவில்லை. உலக சுகாதார நிறுவனம் இதைப் பெருந்தொற்று என்று அறிவித்தது மார்ச் 11. மும்பையில் முதல் இரண்டு பேருக்கு உறுதியானதும் அதே நாள். நீங்கள் விமானம் ஏறிய 13-ம் தேதி, இது சுகாதார அவசரநிலை அல்ல, பதற வேண்டியதில்லை என்று மத்திய சுகாதார அமைச்சக அதிகாரி டெல்லியில் நிருபர்களிடம் சொன்னார். ஐபிஎல்லை ஏப்ரல் 15-க்குத் தள்ளிவைத்ததும் அன்றுதான், என்னமோ ஒரு மாதத்தில் எல்லாம் சரியாகிவிடும்போல. நாடாளுமன்றம் 23 வரை நடந்தது. தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம், தியேட்டர், மால்களை மூடச் சொன்னது 16-ம் தேதிதான். அதிகாரத்தில் இருந்தவர்களுக்கே வெளிச்சமாகாதது பொள்ளாச்சிப் பக்கத்தில் ஒரு வீட்டில் வெளிச்சமாகியிருக்க வேண்டும் என்பது அநியாயம். அதற்காக உங்களை முழுக்க விட்டுவிடவும் மாட்டேன். போன அன்றே தியேட்டரை மூடுகிறார்கள், நீங்கள் மறுநாளுக்கு மறுநாள் படகில் நெருக்கியடித்துக்கொண்டு எலிஃபன்டா போகிறீர்கள். கொஞ்சம் அசட்டுத்தனம். அவ்வளவுதான். வந்ததும் 14 நாள் மாடியில் இருந்தீர்களே, அன்றைக்கு வெளிநாட்டிலிருந்து வந்தவர்களே அப்படி இருந்ததில்லை.

சரி, இப்போது டிக்கெட்டுக்கு வருவோம்.

“என் கணவரும் நான்தான் டிக்கெட் போட்டேன் என்று சொல்லிவிட்டார், அதுவும் உண்மைதான்.” இந்த வரியை நான் ஏழெட்டு முறை படித்தேன். நீங்கள் ஒரு கமா போட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். எனக்குத் தாண்ட முடியவில்லை. உங்கள் கடிதத்தில் இருக்கிற ஒரே விஷயம் இதுதான் என்று நினைக்கிறேன். மும்பை, வைரஸ், மாமனார் எல்லாம் இதைச் சுற்றி வைத்த சாமான்கள்.

நம் வீடுகளில் யார் போகலாம் என்றார், யார் டிக்கெட் போட்டார் என்று என்றைக்காவது கேட்டிருக்கிறார்களா? பழனிக்கு வேன் பிடித்தது யார் என்று யாராவது விசாரித்ததுண்டா? குருவாயூர் போன வழியில் வேன் கவிழ்ந்தாலும், நல்லவேளை சாமி காப்பாற்றியது என்பார்கள். தாராபுரத்தில் எண்ணூறு பேர் ஒரே பந்தியில் உட்கார்ந்து, ஒரே வாளியிலிருந்து ரசம் வாங்கி, ஒருவர் கையை ஒருவர் பிடித்து மொய் வைத்தார்களே, அந்தக் கல்யாணத்துக்கு ‘யார் கூப்பிட்டது’ என்று யாரும் கேட்க மாட்டார்கள். கல்யாணத்துக்குப் போனால் கடமை. மும்பைக்குப் போனால் கொழுப்பு. இதை நீங்களே ‘அது வேறு விஷயம்’ என்று எழுதுகிறீர்கள். வேறு விஷயம் இல்லை எஸ்., அதே விஷயம்தான். புருஷனும் பொண்டாட்டியும் சும்மா, ஒரு காரணமும் இல்லாமல், ஒரு வேண்டுதலும் இல்லாமல் நான்கு நாள் எங்காவது போனார்கள் என்றால் நம் ஆட்களுக்கு உள்ளுக்குள் ஏதோ உறுத்துகிறது. அன்றைக்கு ஒன்றும் சொல்ல முடியாது. பின்னால் ஏதாவது கெட்டது நடக்கட்டும் என்று காத்திருக்கிறார்கள். நடந்ததும் கணக்கைத் திறக்கிறார்கள். அந்தக் கணக்கில் ஒரு பெயர் எழுத வேண்டும். இரண்டு பேர் போயிருந்தாலும் ஒரு பெயர்தான். அது யார் பெயர் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இது உங்கள் குடும்பத்தின் தனி வழக்கமும் இல்லை. மகாராஷ்டிரத்தில் முதன்முதலாக நோய் உறுதியானது யாருக்கு? புனேயில் ஒரு தம்பதிக்கு, மார்ச் 9. நாற்பது பேர் கொண்ட சுற்றுலாக் குழுவோடு துபாய் போய் மார்ச் 1 அன்று திரும்பியவர்கள். மும்பையின் முதல் இருவரும் அதே குழுவில் போன இன்னொரு வயதான தம்பதிதான். நாற்பது பேர் போனார்கள், விமானம் நிறைய ஆட்கள் வந்தார்கள். ஆனால் அந்த வாரம் டீக்கடையிலிருந்து டிவி வரை புழங்கியது ‘துபாய் சுத்திப்பார்க்கப் போன புருஷன் பொண்டாட்டி’ என்ற பேச்சுதான். அலுவலக வேலையாக, வியாபாரமாக, படிப்பாகப் போய்வந்தவர்களை ‘பயணி’ என்றார்கள். சுற்றிப் பார்க்கப் போனவர்களை மட்டும் ஏதோ திருடப் போனவர்களைப்போலப் பேசினார்கள். நானும் பேசினேன். எங்கள் தெருமுனையில் நின்று, வயசான காலத்தில் துபாய் கேட்குதா என்று சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

உங்கள் கணவர் செய்ததைப் பற்றி நான்கு வார்த்தை காட்டமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டு வரி எழுதியும் விட்டேன். அதற்குமேல் கை ஓடவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

எங்களுக்குக் கல்யாணமானது 1994 பிப்ரவரியில். அந்த செப்டம்பரில் நாங்கள் இருவரும் பம்பாய் போனோம், அப்போது அது பம்பாய்தான். ஜெயந்தி ஜனதாவில் கரித்தூளும் முறுக்குமாகப் போய் தாதரில் இறங்கினோம். பிள்ளையார் கரைத்து முடித்த வாரம், தெருவெல்லாம் குலால் பொடியும் மழைச் சேறும். அம்மா வழியில் ஒரு மாமா மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தார். அவர் வீடு ஒரு அறையும் ஒரு சமையல்கட்டும், உள்ளே ஏழு பேர். அதனால் எங்களுக்குப் பக்கத்திலேயே ஒரு லாட்ஜில் அறை பிடித்துக்கொடுத்தார். நீங்கள் காபி குடித்த கிங்ஸ் சர்க்கிளிலிருந்து கூப்பிடு தூரம். மூன்றாம் மாடி, ஜன்னலைத் திறந்தால் பூக்கடை வாசம்.

முதல் இரண்டு நாள் நன்றாக இருந்தது. அதைப் பற்றி எழுதப் போவதில்லை.

வெள்ளிக்கிழமை பேப்பரில் சூரத் வந்துவிட்டது. சூரத்தில் பிளேக். அதுவும் மூச்சில் பரவுகிற வகை. சூரத்திலிருந்து லட்சக்கணக்கான ஜனங்கள் கிடைத்த ரயிலில் தொற்றிக்கொண்டு ஓடுகிறார்கள். சூரத்துக்கும் பம்பாய்க்கும் நாலைந்து மணி நேர ரயில் தூரம். இன்றைக்குச் சொன்னால் சிரிப்பார்கள், அன்றைக்கு அந்த ஒரு வார்த்தைக்கு இருந்த பயம் கொரோனாவுக்குக்கூட முதல் மாதத்தில் இல்லை. டெட்ராசைக்ளின் மாத்திரை மருந்துக்கடைகளில் மத்தியானத்துக்குள் காலி. லோக்கல் ரயிலில் பாதிப் பேர் முகத்தில் கர்ச்சீப். அடுத்த சில நாளில் வளைகுடா நாடுகள் இந்திய விமானங்களையே நிறுத்திவிட்டன. கடைசியில் அரசாங்கக் கணக்கில் செத்தவர்கள் ஐம்பது சொச்சம் பேர்தான். ஆனால் அது கடைசியில்.

மாமா மட்டும் அசையவில்லை. அன்று சாயங்காலம் எங்கள் இருவரையும் ஃபைவ் கார்டன்ஸ் பக்கம் நடக்கக் கூட்டிக்கொண்டு போனார். அகலத் தெரு, இரண்டு பக்கமும் மரம், வீட்டுக்கு வீடு இடைவெளி. தாராவியும் மஸ்ஜித் பந்தரும் பார்த்த கண்ணுக்கு இது வேறு ஊர். “இந்த ரோடெல்லாம் யாரு போட்டது தெரியுமா மாப்ளே?” என்றார். வெள்ளைக்காரன் என்றேன். “பிளேக்கு போட்டது” என்றார்.

ஐந்தாம் வகுப்பு படித்த ஃபிட்டர் சொன்னது. அப்புறம் நான் தேடிப் படித்தேன், எழுத்துக்கு எழுத்து உண்மை. 1896 செப்டம்பரில் மாண்ட்வி பகுதியில் டாக்டர் அகாசியோ வியேகாஸ் முதல் நோயாளியைப் பார்த்து இது பிளேக் என்றார். எட்டரை லட்சம் பேர் இருந்த நகரத்தில் சில மாதங்களுக்குள் ஏறக்குறைய பாதிப் பேர் ஊரைக் காலிசெய்துவிட்டுப் போனார்கள். வால்டெமர் ஹாஃப்கின் என்ற ஆள் பைகுல்லாவில் மருத்துவக் கல்லூரியின் ஒரு மூலையில் உட்கார்ந்து தடுப்பூசி தயாரித்து, 1897 ஜனவரி 10 அன்று முதலில் தன் உடம்பிலேயே குத்திக்கொண்டார். மறுமாதம் அரசாங்கம் ஒரு சட்டம் போட்டது, நான்கே பிரிவு கொண்ட குட்டிச் சட்டம். ரயிலை நிறுத்தலாம், வீட்டுக்குள் புகுந்து தேடலாம், ஆளைத் தூக்கிக்கொண்டு போகலாம். நீங்கள் மும்பையில் இறங்கிய அன்று தியேட்டர்களை மூடினார்களே, அது இதே 1897 சட்டத்தின்படிதான். நூற்றிருபத்து மூன்று வருடம் கழித்தும் நம்மிடம் இருந்தது அதுதான்.

1898-ல் பம்பாய் மேம்பாட்டு டிரஸ்ட் என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். இருட்டும் ஈரமும் நெருக்கமும்தான் நோய்க்குக் காரணம் என்பது அவர்கள் நம்பிக்கை. எலியும் தெள்ளுப்பூச்சியும்தான் பரப்புகின்றன என்று அதே வருடம் கராச்சியில் பால் லூயி சீமோன் கண்டுபிடித்தார், வருடக்கணக்கில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தப்பான காரணத்துக்காக நல்ல தெரு போட்டார்கள். நெருக்கமான குடியிருப்புகளை இடித்தார்கள், கட்டியதைவிட இடித்தது அதிகம், ஏழை ஜனங்கள் நெரிசலான அடுத்த தெருவுக்குப் போனார்கள். அது எல்லா ஊரிலும் எப்போதும் நடக்கிற கதை. வடக்கே வயலும் சதுப்புமாகக் கிடந்த தாதர், மாட்டுங்கா பகுதியில் மனை பிரித்து, தோட்டம் விட்டு, காற்று வருகிற மாதிரி புதுக் குடியிருப்பு போட்டார்கள். அங்கேதான் பின்னால் தமிழ்நாட்டிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் போன குமாஸ்தாக்களும் டைப்பிஸ்ட்டுகளும் குடியேறினார்கள். இட்லிக்கடை வந்தது, பஜனை வந்தது, மல்லிகைப்பூ வந்தது. நீங்களும் உங்கள் கணவரும் மார்ச் 14 காலையில் உட்கார்ந்து காபி ஆற்றினீர்களே, அந்த இடமே ஒரு கொள்ளைநோய் விட்டுப்போன இடம். பேச ஆரம்பித்தால் இதை நிறுத்த மாட்டேன், வீட்டில் எல்லோருக்கும் தெரியும், மாட்டுங்கா என்ற பெயர் வந்தாலே எழுந்து போய்விடுவார்கள். நிறுத்துகிறேன்.

மாமாவின் தைரியம் எனக்கு ஒட்டவில்லை. சனிக்கிழமை மழையில் நனைந்தோம். ஞாயிற்றுக்கிழமை எலிஃபன்டா போவதாக இருந்தது, நான்தான் கூட்டம் இருக்கும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அன்று ராத்திரி அவளுக்குக் காய்ச்சல். தொட்டுப் பார்த்தேன், லேசான சூடுதான். மழையில் நனைந்த உடம்பு, வேறென்ன. எனக்கும் அது தெரியும். தலைவலிக்கிறது என்று சொல்லிவிட்டு அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இரண்டு இருமல் இருமினாள்.

நான் எழுந்து, இருட்டில் சட்டைப்பையைத் தடவி, வெள்ளைக் கர்ச்சீப்பை எடுத்து மூக்கை மூடிப் பின்னால் முடிச்சுப் போட்டுக்கொண்டேன். தலையணையை எடுத்துக் கட்டிலின் கால்மாட்டில் போட்டு, அவள் மூச்சுப் படாத பக்கமாகத் தலைவைத்துப் படுத்தேன். அவள் தூங்குகிறாள் என்று நினைத்தேன். விடியற்காலம் நாலு மணிக்கு அவிழ்த்து மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, தலையணையையும் பழையபடி போட்டுவிட்டேன். காலையில் காய்ச்சல் இல்லை. இட்லி கேட்டாள். மாமா எப்படியோ யாரையோ பிடித்து அன்றைக்கே ஊருக்கு இரண்டு பெர்த் வாங்கிக்கொடுத்தார்.

ஊரில் அம்மா எங்களை வீட்டுக்குள் விடவில்லை. கோவைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, எங்கள் பக்கத்தில் பிளேக் வந்த காலத்தில் வைத்துக் கும்பிட ஆரம்பித்த பிளேக் மாரியம்மன் கோவில்கள் இன்றும் இருக்கின்றன. நேராக அங்கே போய்விட்டு வரச்சொன்னாள். திரும்பி வந்ததும் வாசலில் மஞ்சள் தண்ணீர். எனக்கு ஒரு சொம்பு. அவளுக்கு இரண்டு. “சீக்கு ஊரைப் பாக்கோணும்னு யாருக்கு ஆசை வந்துச்சு?” என்று அம்மா கேட்டபோது நான் ஷூ கழற்றிக்கொண்டிருந்தேன். பம்பாய் போகலாம் என்றது நான். மாமாவுக்குக் கார்டு எழுதியது நான். ஷூவைக் கழற்ற அன்று எனக்கு வெகுநேரம் ஆனது.

அப்புறம் இருபத்தைந்து வருடம். இரண்டு பிள்ளைகள், ஒரு வீடு, அம்மா போனது, என் நெஞ்சுவலி, எல்லாம். 2020 மார்ச் 25, ஊரடங்கின் முதல் நாள். காய்கறி வாங்கக் கிளம்பினேன். முகக்கவசம் கடையில் கிடைக்கவில்லை. கர்ச்சீப்பை எடுத்துக் கட்டினேன், பின்னால் முடிச்சு சரியாக விழவில்லை. அவள் வாசல்படியில் உட்கார்ந்து அவரைக்காய் நார் எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள்.

“இருட்டுலயே கட்டுவீங்களே, பகல்ல வரலீங்களா?”

அவ்வளவுதான் சொன்னாள். பை எடுத்துக்கொண்டு போனவன் தெருமுனையில் ரொம்ப நேரம் நின்றேன். போலீஸ்காரர் வந்து விரட்டினார்.

ஆகவே எஸ்., உங்கள் கணவரைத் திட்டும் யோக்கியதை எனக்குக் கிடையாது. ஆனால் அவர் இதைப் படிப்பார் என்று நினைக்கிறேன், நீங்கள் காட்டுவீர்கள். அவருக்கு ஒன்று. தம்பி, உங்கள் மனைவி டிக்கெட் போட்டார், சரி. ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தது யார்? மெரைன் டிரைவில் பதினொரு மணிவரை எழுந்திருக்காமல் இருந்தது யார்? சொந்தக்காரர்கள் நடுவில் ‘அவள்தான்’ என்று சொன்னபோது நீங்களும் கர்ச்சீப் கட்டிக்கொண்டீர்கள். பகலிலேயே, எல்லோர் எதிரிலும் கட்டிக்கொண்டீர்கள். என்னைவிட அந்த அளவுக்கு நேர்மை. இப்போது மறுபடி மும்பை போகலாம் என்கிறீர்களாம். அது உங்கள் வகை மன்னிப்பு என்று எனக்குப் படுகிறது, நம் ஆட்களுக்கு வாயால் கேட்க வராது. ஆனால் அதற்கு முன்னால், அடுத்த விசேஷத்தில் யாராவது அந்தப் பேச்சை எடுத்தால், ‘நாங்க ரெண்டு பேரும் போனோம்’ என்று சாப்பாட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு சத்தமாகச் சொல்லுங்கள். ஐந்து வார்த்தைகூட இல்லை. நான் இருபத்தைந்து வருடம் சொல்லாமல் விட்டேன், அம்மா போனபின் சொல்வதற்கு ஆளே இல்லை.

எஸ்., உங்களுக்கு இன்னொரு திட்டு பாக்கி. ‘அதுவும் உண்மைதான்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வார்த்தை எதற்கு? உண்மையாக இருப்பதாலேயே ஒரு பேச்சு நியாயமாகிவிடுமா? அவர் சொன்னது உங்களுக்கு வலித்தது. வலித்தது என்று எழுத வேண்டிய இடத்தில் உண்மைதான் என்று எழுதிவிட்டு, வலியை மாமனார் கணக்கில் கொண்டுபோய் வரவு வைத்திருக்கிறீர்கள். என் மனைவி இருபத்தைந்து வருடம் வைத்திருந்தாள். அதைப் பொறுமை என்று நான் மெச்ச மாட்டேன். அன்று காலையே, இட்லி வருவதற்கு முன்னாலேயே, நாலு வார்த்தை கேட்டிருந்தால் என்னைக் கொஞ்சம் முன்னாலேயே மனுஷனாக்கியிருக்கலாம். அவளிடம் இதைச் சொன்னேன். “ஆமாங்க, அதுவும் என் வேலைதான்” என்றாள். அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

நீங்கள் கேட்டதை மறந்தே போனேன். போகலாமா என்றுதானே? போய்வாருங்கள். எலிஃபன்டாவுக்கு இன்னொரு முறை போவதாக இருந்தால் திங்கட்கிழமை வேண்டாம், மூடியிருக்கும். அந்த மூன்று முகச் சிவனை முதலில் தூரத்தில் தூண்களுக்கு நடுவில் நின்று பாருங்கள், கிட்டே போனால் பத்தொன்பது இருபது அடி உயரமும் கழுத்து வலியும்தான் மிஞ்சும் என்று சொல்கிறார்கள். நான் பார்த்ததில்லை, காரணம் மேலே இருக்கிறது. ஃபோல்டரைத் திறப்பதும் திறக்காததும் உங்கள் இஷ்டம், ஆனால் அழித்துவிடாதீர்கள்.

இதைத் தளத்தில் போடுவதற்கு முன் மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். அவள் விஷயம், அவள் சம்மதம் இல்லாமல் போடக் கூடாது. கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தாள். போடுங்கள் என்றாள். ஒரே ஒரு திருத்தம் சொன்னாள். “வெள்ளைன்னு எழுதியிருக்கீங்க. நீலக் கட்டம் போட்டதுங்க. கல்யாணத்துக்கு எங்கப்பா எடுத்துக் குடுத்த டஜன்ல ஒண்ணு.”

மேலே நான் எழுதியதைத் திருத்தாமல் அப்படியே விட்டிருக்கிறேன்.